விளையாட்டுத் திரையும் வீட்டுக் கணக்கும்

தேவாரத்திலிருந்து ஒரு தாயார் நமக்கு எழுதியிருக்கிறார். கணவரும் அவரும் ஆண்டில் பல மாதங்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி ஏலமலைத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்பவர்கள். மூத்த மகன் கல்லூரியில் கணிப்பொறி இயல் பயில்கிறான். படிப்புக்கென்று வாங்கிய கணிப்பொறி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதற்கு இப்பொழுது ‘கேமிங் மானிட்டர்’ ஒன்று வேண்டுமென்று கேட்கிறானாம். “ஃப்ரீசிங்க் இருக்க வேண்டும், நூற்றெண்பது ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும் என்று ஏதேதோ சொல்லுகிறான். இருக்கிற திரையில் படம் தெரியத்தானே செய்கிறது? இது அவசியந்தானா, அல்லது பிள்ளை கெட்டுப்போக நாங்களே காசு கொடுப்பதா? இளையவளின் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்த பணம் அது” என்று முடிகிறது கடிதம்.

இக்கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பொருள் என்ன, பையன் கூறுவதில் உண்மை உண்டா என்பது ஒன்று. அதை இவ்வீட்டில் இப்பொழுது வாங்கலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை தெரியாத பெற்றோர் இரண்டாவதற்கு உடனே ‘கூடாது’ என்று சொல்லிவிடுகின்றனர். பையனோ, தன் பெற்றோருக்கு ஒன்றும் விளங்காது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். பல இல்லங்களில் மனக்கசப்பு தொடங்குவது இவ்விடத்திலேதான். ஆதலால் முதற் கேள்வியைச் சற்று விரிவாகவே பார்ப்போம். பெற்றோர் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். கடினமான செய்தி ஒன்றுமில்லை.

திரையில் அசைகின்ற படம் உண்மையில் அசைவதில்லை. அசையாப் படங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருகையில் நம் கண் அவற்றை இணைத்து அசைவாகக் கொள்கிறது. தமிழகத்துக்கு இவ்வித்தையைப் பரவலாகக் காட்டியவர் ஒரு கிறிஸ்தவரே. திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். இயேசு பெருமானின் வாழ்க்கைப் படம் அவற்றுள் ஒன்று. அக்காலக் கருவிகள் கையினால் சுழற்றப்பட்டவை. சுழற்றுபவரின் கை விரைந்தால் படமும் விரையும், தளர்ந்தால் படமும் தளரும். பின்னர்ப் பேசும் படம் வந்தபோது, ஒலி சீராகக் கேட்க வேண்டுமென்பதால் வினாடிக்கு 24 படம் என்ற கணக்கு நிலைபெற்றது. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரத்தின் வழியாக நம் பகுதி வீடுகளுக்கு வந்த தூரதர்ஷன், வினாடிக்கு 25 படங்களை ஐம்பது அரைப்படங்களாகப் பிரித்து அனுப்பியது.

சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரு பெரிய வசதி உண்டு. படங்கள் யாவும் முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிட்டன. சீராகக் காட்டுவது மட்டுமே வேலை. கணிப்பொறி விளையாட்டில் நிலைமை வேறு. விளையாடுபவன் எத்திசையில் திரும்புவான் என்பது எவருக்கும் தெரியாது. அவன் திரும்பிய பிறகே அக்காட்சியைக் கணிப்பொறியின் வரைகலை அட்டை, அதாவது கிராபிக்ஸ் கார்டு, வரைந்தாக வேண்டும். வெறும் சுவரை வரைவது எளிது. மழையும் தீயும் நூறு மனிதரும் உள்ள காட்சியை வரைய நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு வினாடியில் நூறு படமும், அடுத்த வினாடியில் ஐம்பது படமுமாக ஏறியிறங்கியே வரும். திரையோ தன் போக்கில், வினாடிக்கு இத்தனை முறை என்று கடிகாரம்போல் புதுப்பித்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணிக்கைக்குத்தான் ஹெர்ட்ஸ் என்று பெயர். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி வினாடிக்கு ஒரு முறையும், 144 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 6.9 மில்லி வினாடிக்கு ஒரு முறையும் புதுப்பிக்கிறது.

ஒன்று சீரான கடிகாரம். மற்றொன்று சீரற்ற உழைப்பாளி. இவ்விருவருக்கும் ஒத்துப்போகாததே பையன் குறைப்பட்டுக்கொள்ளும் தொல்லை.

ஜீப் நிறுத்தத்து உவமை

தேவாரத்துத் தாய்மாருக்கு இதனை விளக்க, அவர்கள் நாள்தோறும் காணும் ஜீப் நிறுத்தத்தைவிட நல்ல உவமை நமக்குத் தோன்றவில்லை. போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலையேறும் ஜீப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு குழு. குழு என்பது வரையப்பட்ட ஒரு படம். ஜீப் என்பது திரை.

மணி அடித்தால் ஜீப் புறப்பட்டேயாக வேண்டும் என்று ஒருவர் சட்டம் வைக்கிறார் என்று கொள்வோம். மணி அடிக்கும்போது ஒரு குழுவில் பாதிப்பேரும், அடுத்த குழுவில் பாதிப்பேரும் ஏறியிருக்கின்றனர். வண்டி அப்படியே கிளம்பிவிடுகிறது. திரையில் இதுவே நடக்கிறது. மேற்பாதியில் பழைய படம், கீழ்ப்பாதியில் புதிய படம், நடுவே வெட்டியதுபோல் ஒரு கோடு. ஓடும் மனிதனின் தலை ஓரிடத்திலும் உடல் சற்றுத் தள்ளியும் தெரியும். இதனைப் படக் கிழிசல் என்று சொல்லலாம்.

இக்குறையைப் போக்க முன்னமே ஒரு வழி இருந்தது. அதற்கு வி-சிங்க் என்று பெயர். குழு முழுதாக ஏறியிருந்தால்தான் வண்டி புறப்படும். ஆனால் மணி அடிக்கும் நேரத்தில் மட்டுமே புறப்படும். கிழிசல் ஒழிந்தது, தாமதம் புகுந்தது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி வினாடிக்குள் முடியாமல் 18 ஆகிவிட்டால், அது அடுத்த மணி அடிக்கும் 33.3 வரை காத்துக் கிடக்க வேண்டும். 1.3 மில்லி வினாடித் தாமதத்துக்கு முழு நடை தண்டனை! வினாடிக்கு ஐம்பத்தைந்து படம் வரையக்கூடிய கணிப்பொறி முப்பதே காட்டும். படம் விக்கி விக்கிச் செல்லும். பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையே சுணக்கமும் தோன்றும்.

நம் ஜீப் ஓட்டுநர்கள் உண்மையில் செய்வது என்ன? மணி பார்ப்பதில்லை. ஆள் முழுவதும் ஏறியவுடன் கிளம்பிவிடுகின்றனர். சற்றுத் தாமதமானால் சற்றுப் பொறுக்கின்றனர். அடாப்டிவ் சிங்க், அதாவது ஒத்திசைவுத் திரை, செய்வது இது ஒன்றே. படம் 18 மில்லி வினாடியில் முடிந்தால் திரை 18இல் புதுப்பித்துக்கொள்ளும். 11இல் முடிந்தால் 11இல். கடிகாரம் உழைப்பாளிக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது என்க. கிழிசலும் இல்லை, விக்கலும் குறைவு. சாமிக்கண்ணு வின்சென்டின் கூடாரத்தில் கையால் சுழற்றியவரின் நெகிழ்வை, நூறாண்டு கழித்து மின்னணுச் சில்லு திரும்பப் பெற்றிருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஆயினும் எந்த ஓட்டுநரும் நண்பகல்வரை காத்திருக்க மாட்டார். திரைக்கும் அவ்வாறே ஒரு கீழெல்லை உண்டு. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இந்த எல்லையைப் பற்றியதே. ஆனால் அதனைக் கேட்பவர் மிகச் சிலர்.

ஒரு திரையின் ஒத்திசைவு எல்லை 48 முதல் 75 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டு வினாடிக்கு 60 படம் தந்தால் எல்லாம் நலம். 40 படமாகக் குறைந்தால்? எல்லைக்குக் கீழே போய்விட்டது. பழைய கிழிசலும் விக்கலும் திரும்பிவிடும். வேறொரு திரையின் எல்லை 48 முதல் 144 என்று கொள்வோம். அங்கே 40 படம் வந்தால், ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டி 80 ஆக்கிக்கொள்ளலாம். 80 எல்லைக்குள் அடங்குகிறது. முந்திய திரையில் 80 அடங்காது. ஆகவே மேலெல்லை, கீழெல்லையைப்போல் இரண்டு மடங்குக்கேனும் இருந்தால்தான் இந்த உபாயம் பலிக்கும். (ஒரே குழுவை இருமுறை ஏற்றிச் செல்லும் ஜீப் கிடையாது, நம் உவமை இவ்விடத்தில் நின்றுவிடுகிறது.) வலிமை குறைந்த கணிப்பொறி வைத்திருக்கும் வீட்டுக்கே இது மிகவும் தேவையானது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் எல்லைக்குக் கீழே அடிக்கடி விழுவது அக்கணிப்பொறியே.

பெயர்கள் பல, பொருள் ஒன்று

பெட்டியின்மேல் காணும் பெயர்கள்தாம் பெற்றோரை மிரட்டுகின்றன. 2013 அக்டோபரில் என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்ற பெயரில் இதனை முதலில் அறிவித்தது. அதற்குத் திரையினுள்ளே தனி மின்னணுப் பலகை ஒன்று வேண்டியிருந்ததால் விலை ஏறியது. 2014இல் திரைகளுக்கான பொதுத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு, டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ் சிங்க் என்பதைச் சேர்த்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஃப்ரீசிங்க் திரைகள் 2015 மார்ச்சில் கடைக்கு வந்தன. இதற்குத் தனிப் பலகை தேவையில்லை. எச்.டி.எம்.ஐ. 2.1 தரம் 2017இல் வெளியானபோது, வி.ஆர்.ஆர். என்ற பெயரில் இதே வசதி அதிலும் இடம்பெற்றது.

சில ஆண்டுகள் இரு நிறுவனங்களும் இரு வேறு கட்சிகள் போலிருந்தன. ஒருவரின் அட்டை வைத்திருப்பவர் மற்றவரின் திரையை வாங்கிப் பயனில்லை. 2019 சனவரியில் என்விடியா இறங்கி வந்து, பொதுத் தரத்துத் திரைகளையும் தன் அட்டைகள் ஏற்கும் என்றது. அப்போது அது சோதித்ததாகச் சொன்ன திரைகள் சுமார் 400, தேறியவை 12. பிற்பாடு அந்தப் பட்டியல் நீண்டுவிட்டது. எனினும் ‘ஃப்ரீசிங்க் உண்டு’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிவிடலாகாது என்பதற்கு அந்த எண்ணிக்கை நல்ல சாட்சி. ஃப்ரீசிங்க் பிரீமியம் என்று போட்டிருந்தால், படத்தை இருமுறை காட்டும் உபாயம் கட்டாயம் இருக்கும். வெசா அமைப்பே 2022இல் ஒரு சான்று முத்திரையைத் தொடங்கியது. ஒத்திசைவு எல்லை குறைந்தது 60 முதல் 144 வரையேனும் இல்லாவிட்டால் விளையாட்டுத் திரைகளுக்கான அம்முத்திரை கிடைக்காது.

வீட்டில் இருப்பது எந்த அட்டை என்று முதலில் பார்க்க வேண்டும். என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 10 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் பொதுத் தரத்தை ஏற்கும். ஆனால் பழைய அட்டைகளில் டிஸ்ப்ளேபோர்ட் கம்பி வழியாகவே அது நடக்கும். மலிவான சில திரைகளில் அந்தத் துளையே இராது. பிளேஸ்டேஷன் 5 பெட்டி வைத்திருப்போர் எச்.டி.எம்.ஐ. 2.1 வி.ஆர்.ஆர். உண்டா என்று கேட்க வேண்டும். வெறும் ஃப்ரீசிங்க் அதற்கு உதவாது. தனி அட்டையே இல்லாத கணிப்பொறியா? அப்போதும் வருந்த வேண்டியதில்லை. ரைசன் சில்லுகளின் உள்ளமைந்த வரைகலையும், சில ஆண்டுகளாக வரும் இன்டெல் சில்லுகளின் வரைகலையும் ஒத்திசைவை ஏற்கின்றன. ஆனால் அத்தகைய கணிப்பொறி, பெரிய விளையாட்டுகளில் வினாடிக்கு நாற்பது ஐம்பது படம் வரைவதே பெரிது. அதற்கு 240 ஹெர்ட்ஸ் திரை வாங்குவது, ஒற்றை மாட்டு வண்டிக்கு நான்கு வழிச் சாலை போடுவதை ஒக்கும்.

திரைப் பலகையின் வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஐ.பி.எஸ். வகை எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. படிப்புக்கும் விளையாட்டுக்கும் பொருந்தும். வி.ஏ. வகையில் கருமை நன்றாயிருக்கும். ஆனால் இருண்ட காட்சிகளில் நிழல் இழுபடும். ஒத்திசைவு இயங்கும்போது வெளிச்சம் துடிப்பதும் உண்டு. ஓலெட் வகை மிக விரைவானது, மிக அழகானது, விலையும் மிக அதிகம். ஒரே படம் நெடுநேரம் நின்றால் அச்சுப் பதியும் ஆபத்தும் இருக்கிறது. டி.என். என்ற பழைய வகையைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘1 மில்லி வினாடி’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அது எந்த அளவை என்று பார்க்க வேண்டும். எம்.பி.ஆர்.டி. என்று இருந்தால் அது பின்விளக்கை விட்டுவிட்டு எரித்துப் பெற்ற எண். பெரும்பாலான திரைகளில் அந்த ஏற்பாடும் ஒத்திசைவும் சேர்ந்து இயங்கமாட்டா. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு 24 அங்குலம் அளவான உருவம். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் விரித்தால் எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரியும். படிக்கும் பிள்ளைக்கு அது நல்லதன்று.

இவ்வளவும் விளையாட்டுக்கே. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏல மையத்தில் வணிகர்கள் திரைமுன் அமர்ந்து ஏலக்காய்க்கு விலை கேட்கின்றனரே, அங்கே இலட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது. அதற்கு 60 ஹெர்ட்ஸ் தாராளமாகப் போதும். விலை எண்கள் ஓடி ஒளிவதில்லை.

வாங்கலாமா?

பையன் கூறுவதில் உண்மை உண்டு என்பது இப்போது விளங்கியிருக்கும். அவன் ஏதோ பகட்டுக்குக் கேட்கவில்லை. அவன் கண்ணில் படும் குறை மெய்யான குறையே. இதை அவனிடம் தாயார் தம் வாயாலேயே சொல்லிவிட்டால் பாதி வழக்கு தீரும்.

ஆனால் இளையவளின் கட்டணப் பணத்தைத் தொடலாகாது. இதில் நமக்கு ஐயமே இல்லை. கட்டணத்துக்கு நாள் உண்டு. திரைக்கு நாள் இல்லை. அடுத்த காய் எடுப்பில் மிச்சம் பிடிக்கலாம், அல்லது பையன் விடுமுறையில் உழைத்து ஒரு பங்கு போடலாம். முன்னே ஆடம்பரமாயிருந்த வசதி இன்று சாதாரணத் திரைகளிலும் வந்துவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும். 10,000 ரூபாயை ஒட்டிய விலையிலேயே 24 அங்குல ஐ.பி.எஸ். திரை, 100 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ, ஒத்திசைவோடு கிடைக்கிறது. ‘கேமிங்’ என்ற சொல்லுக்கும் சிவப்பு விளக்குகளுக்கும் தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பிள்ளை கெட்டுப்போவானா என்ற அச்சத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை ஒரு நோயாகவே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 சனவரி முதல் அப்பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. விளையாடுவதெல்லாம் நோயன்று. தன்னைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற வேலைகளையெல்லாம் பின்தள்ளுதல், கேடு வந்த பின்னும் தொடர்தல் ஆகியவை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நீடித்தால்தான் அப்பெயர். பணம் வைத்து ஆடும் ஆட்டம் முற்றிலும் வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இணையப் பண ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டிகளை அவற்றினின்று பிரித்து வைத்தது. 2023இல் நடந்த ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே வழங்கினர். மகன் ஆடுவது எது என்பதைப் பெற்றோர் அவன் அருகில் அமர்ந்து ஒரு மணி நேரம் பார்த்தால் தெரிந்துவிடும்.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுத்திசை நம் வாசகர் அறிவர். 1991இல் பிறந்து பதினைந்தாம் வயதில் இறந்த அவ்விளைஞர், நற்கருணைப் புதுமைகளைக் கணிப்பொறியில் தொகுத்தவர். அவருக்கும் விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. விளையாடுவதில் விருப்பமும் இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தாமே வரம்பு வைத்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தையே எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டமாக்க நாம் முயலவில்லை. வரம்பைப் பெற்றோர் போடாமல் பிள்ளையே போட்டுக்கொண்டான் என்பதைத்தான் சுட்டுகிறோம். திரையைக் கதவடைத்த அறையில் வைக்காமல், குடும்ப செபம் சொல்லும் கூடத்திலேயே வைப்பது நலம். இடநெருக்கடி உள்ள நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் அமையும்.

வாங்குவதென்று முடிவாகிவிட்டால், திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள், பழுது பார்க்கும் நிலையம் தேனியிலா மதுரையிலா, எரியாத புள்ளி எத்தனை இருந்தால் மாற்றித் தருவர் என்பவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைக்கும் ஒவ்வொரு நிறமாக வைத்துப் பார்த்தால் இறந்த புள்ளிகள் தெரிந்துவிடும். கம்பியைத் தனி வரைகலை அட்டையின் துளையில் செருக வேண்டும். பின்பக்கம் மேலே உள்ள தாய்ப்பலகையின் துளையில் செருகிவிட்டு ‘ஒன்றும் மாறவில்லையே’ என்பவர் பலர். விண்டோஸ் அமைப்பில் திரையின் ஹெர்ட்ஸ் பெரும்பாலும் 60இலேயே நிற்கும். திரை அமைப்புகளுக்குள் சென்று உயர்த்தினாலொழிய, 144க்குக் கொடுத்த பணம் பெட்டிக்குள்ளேயே தூங்கும். ஒத்திசைவையும் இரண்டு இடத்தில் திறக்க வேண்டும்: திரையின் சொந்தப் பட்டியலில் ஒரு முறை, வரைகலை அட்டையின் மென்பொருளில் ஒரு முறை.

மலைமேல் குடியிருப்போர், மார்கழி விடியலில் திரையைப் போட்டதும் நிழல் இழுபட்டால் கலங்க வேண்டியதில்லை. குளிரில் திரவப் படிகம் மந்தமாகவே அசையும்; சிறிது நேரம் சூடேறினால் சரியாகிவிடும். ஆடிக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும் நாளிலும், ஐப்பசி இடிமழையிலும் மட்டும், சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்கி வைத்துவிடுங்கள். இணையக் கம்பி இருந்தால் அதையும்.